மூன்றாவது மீசான் கல்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, அல்லது அம்மா அவர்களுக்கு,

இத்தாள்கள் யாருடைய கையை வந்தடையும் என்பதை நான் அறியேன். ஆகவே ஐயா என்றும் அம்மா என்றும் இரண்டையும் எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் சென்றவனல்லன். பழைய பத்திரிகைகளையும் கைக்கெட்டிய புத்தகங்களையும் வாசித்து எழுதப் பழகியவன். புத்தளத்து அகதி முகாமில் இருந்த ஆண்டுகளில் கச்சேரி என்னும் அரச அலுவலகத்துக்கும் கிராம சேவகருக்கும் அயலவர்கள் கொடுக்க வேண்டிய மனுக்களை எழுதிக் கொடுத்தவன் நானே. என் நடையில் மனுவின் வாடை வீசினால் பொறுத்துக்கொள்ளவும். ஒரு குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து வனத்துக்கும் கடலுக்கும் ஒருநாட் பயணம் போகத் திட்டமிட்டதையும், அத்திட்டத்தின் உள்ளே நான் இன்னொரு திட்டம் போட்டதையும், அதன் முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. கட்டாரில் வேலை செய்யும் என் மகன், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மனைவி மக்களுடன் வருவதாகத் தொலைபேசியில் அறிவித்தான். கண் பார்வை மங்கிய என் மனைவிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி, கைப்பேசியைக் கதிரையின் கையில் வைத்திருந்தேன்.

"வாப்பா, இந்த முறை வீட்டுக்குள்ள குந்திக்கொண்டு இருக்க ஏலாது. வில்பத்துக்குப் போவம். ஜீப் பிடிப்பம். புள்ளையள் நடக்கோணும், ஏறோணும், கடல்ல காலை நனைக்கோணும். இஞ்ச கடைக்குள்ள ஏறி இறங்குறதுதான் அதுகளுக்கு நடை" என்றான்.

என் மனைவி தலையை நிமிர்த்தினாள். "வில்பத்தா மகன்? கடக்கரைப் பக்கமும் போகுமா?"

"ஓம் உம்மா, கடல் வரைக்கும் பாதை இருக்கு. ஆனா நீங்க வீட்டில இருங்கோ. ஜீப் தூக்கித் தூக்கி அடிக்கும்."

"அடிக்கட்டும். நடந்தே வந்த வழிதானே அது. ஜீப்பில போனாத் தேய்ஞ்சு போயிடுவனா?"

மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியின் பக்கம் குனிந்து, "தங்கச்சிக்கு ஒரு ஸலாம் சொல்லோணும் மகன். மூணு கல்லையும் ஒருக்காத் தொட்டுப் பார்க்கோணும். கண் முழுசா அணையிறதுக்கு முன்னுக்கு ஒருக்கா" என்றாள்.

நான் கைப்பேசியின் சத்தத்தைக் குறைத்தேன். ஏன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இந்தப் பெருவனத்துக்கு வடக்கே, கடலோரக் கிராமமொன்றில் வாழ்ந்தவர்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் வந்து, எங்கள் சனம் அனைத்தும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். வாகனம் கிடைத்தவர்கள் வாகனத்திலும், தோணி கிடைத்தவர்கள் தோணியிலும் போனார்கள். இரண்டும் கிடைக்காத நாங்கள் ஒரு நாற்பது பேர், பெருந்தெருவுக்குப் பயந்து, கரையோரமாகக் காட்டுக்குள் புகுந்து தெற்கு நோக்கி நடந்தோம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மகனுக்கு அப்போது ஏழு வயது. மகளுக்குப் பத்து மாதம். அவளுக்கு முதல் நாளே காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் நண்பகல் லுஹர் வேளை கழிந்த சற்று நேரத்தில், தாயின் மார்பிலேயே பிள்ளை மூச்சடங்கி மௌத்தாகிவிட்டாள்.

எங்களிற் பெண்கள், அடக்கப் போகும் ஜனாஸாவுடன் கபுறடிக்கு, அதாவது புதைகுழிக்கு, வருவதில்லை. ஆதலால் பெண்களையும் சிறுவர்களையும் முன்னே நடக்கவிட்டு, நானும் என் மனைவியின் மூத்த சகோதரரும் வயதான ஒருவரும் பின்தங்கினோம். மண்வெட்டி கிடையாது. கையாலும் ஒரு சிரட்டையாலும் தோண்டினோம். மனைவியின் வெள்ளை முக்காட்டுத் துணியே பிள்ளையைப் பொதியும் கபன் ஆயிற்று. தொழுவித்து, தலையை வடக்கே வைத்து, முகத்தை மேற்கே கிப்லாவுக்குத் திருப்பி மண்ணால் மூடினோம். கபுறின்மேல் நடும் அடையாளக் கல்லை நாங்கள் மீசான் என்போம். ஆணுக்குத் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு. பெண்ணுக்கு நடுவிலும் ஒன்று சேர்த்து மூன்று. அங்கே கல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் மணல். ஒரு மரக்கொப்பை முறித்துத் தலைமாட்டிற் குத்தினேன். முன்னே போனவர்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஓடினோம்.

மனைவி ஒரு பட்டமரத்தில் சாய்ந்து நின்றாள். "மீசான் வச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எத்தனை?"

"மூணு."

என் பொய் அவ்வளவுதான். இரண்டு சொற்கள். அன்றைக்கு அவள் கால்கள் நடக்க வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன். ஆயினும் முகாமுக்கு வந்தபின், ஆண்டுதோறும் அந்த நாள் வரும்போது பிள்ளையின் பேரில் பாத்திஹா ஓதி முடித்ததும் அவள் கேட்பாள்: "மூணு கல்லும் அப்படியே இருக்குமா?" இருக்கும் என்பேன். ஓராண்டு, வெள்ளைக் கற்கள் என்று சேர்த்துச் சொன்னேன். இன்னோராண்டு, நடுக்கல் கொஞ்சம் சாய்வாக நின்றது என்றேன். அவள் அந்தச் சாய்வைப் பற்றிக் கவலைப்பட்டாள். நான் மனு எழுதும்போது நம்பத்தகுந்த சிறு விபரங்களைச் சேர்ப்பவன். அந்தக் கைப்பழக்கம் இங்கேயும் வேலை செய்தது. உண்மையை அறிந்த மற்ற இருவரில் முதியவர் முதலாண்டிலேயே போய்விட்டார். என் மச்சானும் முகாமிலேயே மௌத்தானார். கடைசியில் நான் மட்டும் எஞ்சினேன்.

மகனின் அழைப்பு வந்த மறுநாளே அவள் நடக்கப் பழகத் தொடங்கினாள். "ஜீப் கபுறடிக்கு வராதுதானே. கடக்கரையில நடக்கோணும். காலைச் சரிப்படுத்தோணும்" என்றாள். சீனி வருத்தம் என்னும் நீரிழிவு அவள் கண்ணைத் தின்றது போலவே பாதத்தையும் மரத்துப்போகச் செய்திருந்தது. விடிகாலை ஸுபஹுத் தொழுகைக்குப் பின், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள உப்பளத்து வரம்பில் நாள்தோறும் நடந்தோம். அவள் வலக்கை என் தோளில் இருக்கும். வரம்பை ஒட்டி மின்கம்பங்கள் நின்றன. அவற்றை எண்ணி நடந்தோம்.

"எத்தனை கம்பம் வந்திட்டம்?"

அவளை உற்சாகப்படுத்த எண்ணி, "பத்து" என்றேன் ஒருநாள்.

"பொய் சொல்லாதீங்கோ. எட்டுத்தான். என்ட கால் எண்ணும்."

அண்ணன் முறையில் என்னை நானா என்று அழைக்கும், உப்பு வாரும் பெடியன்மார் பகிடி பண்ணினார்கள். "என்ன நானா, வயசு போன காலத்தில ரேஸுக்கா ஓடப் போறீங்க?"

என் மனைவி சத்தம் வந்த திசைக்குத் திரும்பி, "ஓம் தம்பி. முதலாவதா வாறவங்களுக்கு நீங்க அள்ளின உப்பில ஒரு மூட்டை தரோணும், சரியா?" என்றாள். அவர்கள் கைதட்டினார்கள். அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். எனக்கு அதுவே தாங்க முடியாததாயிற்று. எட்டுக் கம்பம் பதினைந்தாயிற்று, பதினைந்து இருபதாயிற்று. ஒவ்வொரு கம்பமும் என்னை அந்தக் கற்கள் இல்லாத இடத்துக்கு அருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

அந்த இடத்தையாவது முதலிற் கண்டுபிடிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பள்ளிவாசல்துறையில் எனக்குப் பழக்கமான ஒரு மீனவர் இருந்தார். வடக்கே வனத்தின் கரை வரைக்கும் படகு கொண்டு போகிறவர். அவரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். மனைவியிடம், முந்தலில் ஒரு கூட்டாளி சுகமில்லாமற் கிடக்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் நோயாளிக்கென்று ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தாள். உறைப்பு ஆகாது என்று சம்பலிற் கொச்சிக்காயைக் குறைத்திருந்தாள். அதை நானும் மீனவரும் படகில் இருந்து உண்டோம். "சம்பல்ல ஏன் உறைப்பே இல்ல?" என்று அவர் கேட்டார்.

இறங்கக் கூடாத கரை அது என்பதை அறிந்தே இறங்கினேன். ஒரு வற்றிய ஓடை, அதன் வடகரையில் அடியிலேயே இரண்டாகப் பிரிந்த ஒரு பாலை மரம்: என் நினைவில் இருந்தது அவ்வளவே. மூன்று ஓடைகளைக் கண்டேன். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. பாலை மரங்களுக்குக் குறைவில்லை. இரண்டாகப் பிரிந்தவை நான்கைந்து நின்றன. சில விழுந்து உக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நின்று, என் பிள்ளை என்னைக் கூப்பிட மாட்டாளா என்று எதிர்பார்த்தேன் என எழுதினால் தாங்கள் என்னைப் பித்தன் என்று எண்ணலாம். அப்படித்தான் நின்றேன்.

மீனவர் பொறுமையிழந்து, "மீசான் கல்லா நானா தேடுறீங்க? குதிரைமலைக்கு இஞ்சால, செம்மண் மேட்டில ரெண்டு கல் நிக்குது. நாங்க காத்துக்கு ஒதுங்குற இடம். ஆர்ட கபுறோ தெரியா" என்றார். போய்ப் பார்த்தோம். கடலைப் பார்த்த சிறு மேட்டில், உப்புக் காற்றில் அரிபட்ட இரண்டு பழைய கற்கள். நீளத்தைப் பார்த்தால் வளர்ந்த ஓர் ஆணின் கபுறு. கடலில் மாண்ட யாரோ ஒருவராக இருக்கலாம். என் பிள்ளைக்கும் அந்த இடத்துக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது.

அங்கே நின்றபோதுதான் அந்த எண்ணம் எனக்குள் வந்தது. குதிரைமலையில் பயணிகள் வாகனத்தை விட்டு இறங்க அனுமதி உண்டு. அங்கிருந்து இந்த மேடு நடை தூரம். இரண்டு கற்கள் இருக்கின்றன. இன்னும் ஒன்று நட்டால் மூன்று. நீளம் கண்ணால் அளக்கும் காரியம். அவளுக்கு அந்தக் கண் இல்லை. இவ்வாறு நினைத்தவன் நான் என்பதை எழுதாமல் விடக் கூடாது.

மகன் வந்து சேர்ந்தான். பெருநாள் கழிந்த நான்காம் நாளுக்கு ஜீப் ஒழுங்காயிற்று. அவன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினான். காலை ஆறு மணிக்கு எழுவன்குளத்து வாயில், பிறகு வில்லுக்குளங்கள், யானை பார்த்தல், பத்து மணிக்குக் கடற்கரை, நடை, கடலிற் கால் நனைத்தல், சாப்பாடு. நான் 'கடற்கரை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'குதிரைமலை' என்று எழுதினேன். "அங்கதான் நடக்க நல்ல இடம் மகன். உம்மாட விஷயமும் அதுக்குக் கிட்டத்தான்" என்றேன். என் குரல் நடுங்காததைக் கண்டு நானே திகைத்தேன்.

மருமகளுக்கு ஒரு தயக்கம் இருந்தது. "மாமி, பொம்புளையள் கபுறடிக்குப் போறது சரியா எண்டு கட்டார்ல ஒரு பயான்ல சொன்னாங்க..."

"அவர் புள்ளயக் காட்டுக்குள்ள வச்சிட்டு வந்தவரா மகள், அந்தப் பயான் சொன்னவர்?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

பயணத்துக்கு முந்திய நாள் பிற்பகல் பொதி கட்டினார்கள். தண்ணீர்ப் போத்தல்கள், பாய், தொப்பிகள், பிள்ளைகளின் மாற்றுடைகள், மருந்துப் பெட்டி. எல்லோரும் உள்ளே இருந்த வேளையில் நான் கிணற்றடிக்குப் போனேன். அங்கே ஒரு கருங்கல் சும்மா கிடந்தது. ஒரு முழ நீளம். கையில் அடங்கும் பருமன். அந்த உப்பரித்த கற்களோடு நிறம் பொருந்தாதுதான். கழுவி, நான் உடுக்கும் பழைய சாரத்தில் சுற்றி, பாய் வைத்த பையின் அடியில் இட்டேன். குதிரைமலையில் இறங்கியதும், வழி பார்த்து வருகிறேன் என்று முந்திப் போய் நடுவில் அதை ஊன்றிவிடுவதே என் திட்டம்.

விடிந்தது. ஜீப் வந்தது. மனைவி புதுச் சேலை உடுத்திருந்தாள். முந்தானையிற் கொஞ்சம் சந்தனத்தூளும் ஊதுபத்தியும் முடிந்து வைத்திருந்தாள். வாயிலில் வனத்துறையின் வழிகாட்டி ஒருவர் ஏறி, சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். நல்ல மனிதர். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். வாகனத்திலிருந்து காட்டிய இடத்தில் மட்டும் இறங்க வேண்டும், எதையும் எடுக்கவும் கூடாது, விட்டுவரவும் கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். மகன் எங்களுக்கு மொழிபெயர்த்தான். பை என் காலடியிற் கிடந்தது.

செம்மண் பாதையில் ஜீப் குலுங்கியது. பேத்தி, "யானை! அப்பா, அங்க பாருங்க யானை!" என்றாள். எங்களிற் பாட்டனை அப்பா என்றுதான் பேரப்பிள்ளைகள் அழைப்பார்கள். பார்த்தேன். யானை நின்றது. அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு நினைவில்லை.

ஏனென்றால் அப்போது மருமகள் என் மனைவியிடம் விளையாட்டாகச் சொன்னாள்: "மாமி, ராவைய அறக்குளா மீன் துண்டெல்லாம் பிஞ்சு போய்க் கிடந்திச்சே. கடிச்சா வெட்டினீங்க?"

"கத்தி மொட்டை மகள். கிணத்தடியில ஒரு கருங்கல்லு கிடக்கும். நாங்க அந்த வளவுக்கு வந்த நாள்ல இருந்து அதிலதான் தீட்டுறன். தீட்டித் தீட்டி நடுவில பள்ளம் விழுந்து, கத்திக்கு எண்டே செஞ்ச மாதிரி இருக்கும். அதக் காணல்ல. உன்ட மகன்தான் எங்கயோ உருட்டி விட்டிருக்கான்."

"நான் எடுக்கல்ல வாப்பும்மா!" என்று பேரன் கத்தினான்.

"எடுக்காட்டி அது நடந்தா போச்சுது?"

எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டியும், விளங்காமலே, சேர்ந்து சிரித்தார்.

என் வீட்டில் எத்தனை ஆண்டுகளாகச் சமைத்த மீனை நான் உண்டிருக்கிறேன். கத்தி எங்கே தீட்டப்படுகிறது என்பதை ஒருநாளும் அறிந்தேனல்லேன். சாரத்தின் மேலாகக் காலால் தடவினேன். பள்ளம் தெரிந்தது. அவளுடைய கைக்குக் கண்ணைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும் ஒரேயொரு கல்லைத்தான் அவளை ஏமாற்றுவதற்கு நான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அங்கிருந்து கடல் வரைக்கும் உள்ள தூரத்தை எப்படிக் கடந்தேன் என்பதை விவரிக்க எனக்கு மொழி போதாது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவள், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். கடைசியில் இன்னொரு கோழைத்தனமான வழியைத் தேர்ந்துகொண்டேன். கல்லைப் பையிலேயே விட்டுவிடுவது. இரண்டைக் காட்டிவிட்டு, மூன்றாவதை யானை பிடுங்கியிருக்கும் என்று சொல்வது.

குதிரைமலையில் இறங்கினோம். பிள்ளைகள் செம்மண் சரிவில் உருண்டு இறங்கினார்கள். வழிகாட்டியிடம் மகன் விஷயத்தைச் சொன்னான். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அரைமணி நேரம் போய் வாருங்கள், நானும் கூட வருகிறேன் என்றார். என் மனைவி தோளிற் கை வைத்தாள். உப்பளத்து வரம்பிற் பழகிய அதே நடை. மணல் இளகிய இடங்களிலும் அவள் நிற்கவில்லை. "கம்பம் இல்லாததுதான் குறை" என்றாள்.

மேட்டை அடைந்தோம். அவளைக் கற்களின் அருகே இருத்தினேன். ஸலாம் சொன்னாள். கையை நீட்டி முதற்கல்லைத் தொட்டாள். விரல்களால் அதன் முகத்தைத் தடவினாள். "உப்புத் திண்டிருக்கு" என்றாள். பிறகு மண்டியிட்டே நகர்ந்து இரண்டாவதைக் கண்டாள். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு கைக்குழந்தைக்கு எவ்வளவு அதிகம் என்பதை அவள் உணர்ந்தாளோ, அறியேன். பின்பு நடுவிலே கையை வைத்தாள்.

"மூணாவது எங்க?"

"காணல்ல. யானை பிடுங்கியிருக்கும்."

"இல்ல, இல்ல. சாஞ்சு நிண்டதெண்டு சொன்னீங்களே. சாஞ்ச கல்லு மண்ணுக்குள்ளதான் போயிருக்கும்."

இவ்வாறு சொல்லி அவள் தோண்டத் தொடங்கினாள். இரண்டு கைகளாலும் மணலை வாரி வாரித் தள்ளினாள். மகன் ஒரு கணம் பார்த்து நின்றான். பின்பு அவனும் மண்டியிட்டுத் தோண்டினான். "இஞ்சால நான் பாக்கிறன் உம்மா, நீங்க அந்தப் பக்கம்" என்றான். சரிவிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தங்கள் வாப்பாவின் தங்கையான மாமியின் கல்லைத் தேடுகிறோம் என்று அறிந்தவுடன் அவர்களும் ஆவலுடன் தோண்டினார்கள். மருமகளும் முக்காட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தாள். என் குடும்பம் முழுவதும், யாரோ ஓர் அந்நியரின் கபுறைச் சுற்றி, நான் கற்பனையிற் சாய்த்து வைத்த ஒரு கல்லைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தது.

"மாத்தயா, ஹாரன்ன எபா!" என்று வழிகாட்டி பதறினார். தோண்ட வேண்டாம் என்பது அதன் பொருள். ஒருவரும் நிறுத்தவில்லை. என் மனைவியின் நகத்திலிருந்து இரத்தம் வந்தது. அவளுடைய மரத்த விரலுக்கு அது தெரியவில்லை.

"தோண்டாத" என்றேன். "விடு. இது நம்மட புள்ள இல்ல."

கைகள் நின்றன.

"என்ன சொல்றீங்க?"

"நான் கல்லு வைக்கல்ல. அண்டைக்கு அங்க கல்லே இருக்கல்ல. ஒரு கொப்பு மட்டும் குத்தினன். இடமும் எனக்குத் தெரியா. வந்து தேடினன், கிடைக்கல்ல."

மகன் கையில் மணலுடன் எழுந்து நின்றான். "அப்ப இது ஆர் வாப்பா?"

"தெரியா."

என் மனைவி, தான் தோண்டிய மணலை எல்லாம் இரண்டு கைகளாலும் கூட்டி, குழியை மூடி, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள். "ஆர்டயோ நெஞ்சக் கிண்டிட்டன்" என்று தனக்குள் சொன்னாள். அந்தக் கற்களின் பக்கம் திரும்பி, "பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சந்தனத்தூளை அந்த மனிதரின் கபுறின்மேல் தூவினாள். ஊதுபத்தி மீதியாயிற்று. தீ மூட்டக் கூடாது என்று வழிகாட்டி முன்னரே சொல்லியிருந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் என்னிடம்.

"வடக்கால."

"கையப் பிடிச்சுக் காட்டுங்கோ."

அவளுடைய கையைப் பிடித்து, காட்டின் திசையில் நீட்டினேன். எவ்வளவு வலப்புறம், எவ்வளவு இடப்புறம் என்பது எனக்கும் நிச்சயமில்லை. அந்தத் திசைக்கு அவள் ஸலாம் சொன்னாள். கையேந்தித் துஆக் கேட்டாள். எழுந்த பின், "என்ன கொப்பு?" என்றாள்.

"பாலைக் கொப்பு."

"பச்சையா?"

"ஓம்."

"மழை பேஞ்ச நேரம். துளிர்த்திருக்கும், என்ன?"

ஐயா, அம்மா, இருக்கும் என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. பல ஆண்டுகளாக அங்கேயே குடியிருந்த சொல் அது. பேரப்பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம் என்று சொன்னால் அவள் சற்றே ஆறுதலடைவாள் என்பதையும் அறிவேன்.

"பாலை குத்தின கொப்பில துளிர்க்காது" என்றேன்.

அவள் தலையசைத்தாள். திரும்பி நடக்கும்போது என் தோளில் அவள் கை வைக்கவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடலிற் கால் நனைத்தல், சாப்பாடு என்று தாளில் எழுதியிருந்தவை நடந்தன. பிள்ளைகள் நனைந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. பாய் விரிக்கப் பையைத் திறந்தபோது, நான் தடுக்குமுன், அவளே அதற்குள் கையை விட்டாள். சாரத்தை விலக்கி, எதையோ தொட்டுப் பார்த்தாள். பாயை மட்டும் எடுத்து வெளியே வைத்தாள்.

மறுநாட்காலை கிணற்றடியிற் கல் தன் இடத்திற் கிடந்தது. அவள் அதில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் தீட்டினாள்.

மகன் விடுமுறை முடிந்து போனான். போகும்போது என்னைக் கட்டித் தழுவினான். ஆனால் தொலைபேசியில் இப்போது உம்மாவைத்தான் முதலிற் கேட்கிறான். அவள் என்மேற் கோபமாக இருக்கிறாள் என்று எழுதினால் அது பிழையாகும். சோறு போடுகிறாள். சுகம் விசாரிக்கிறாள். ஆயினும் கதவு பூட்டியாயிற்று என்று நான் சொன்னால், எழுந்து வந்து தாழ்ப்பாளைத் தடவிப் பார்க்கிறாள். தண்ணீர் கொதித்துவிட்டது என்றால், மூடியைத் திறந்து ஆவியிற் கையைப் பிடிக்கிறாள். மருந்துக் குளிசையை நான் எடுத்துக் கொடுத்தால், உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டி, இது எந்தக் குளிசை என்று தானே கண்டறிந்த பிறகே விழுங்குகிறாள். அவளுக்குக் கண்ணாக இருந்தவன் நான். இப்போது அவள் கண் இல்லாமலே நடக்கிறாள். உப்பளத்து வரம்புக்குத் தனியே போய், கோலால் கம்பங்களைத் தட்டி எண்ணுகிறாள். பெடியன்மார், "நானா எங்க?" என்று கேட்டால், "வீட்டில" என்று மட்டும் சொல்கிறாள்.

பிள்ளையின் நாள் மீண்டும் வந்தது. பாத்திஹா ஓதினோம். ஓதி முடிந்தபின் நான் எழாமல் இருந்தேன். அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் என்ன சொல்வதென்று ஒரு பதிலை உண்மையாகவே தயார் செய்து வைத்திருந்தேன். பின்னேரத்து அஸர்த் தொழுகை வரைக்கும் காத்திருந்தேன். அவள் கிணற்றடிக்குப் போனாள். கத்தி கல்லில் உரசும் ஓசை கேட்டது. அந்தக் கேள்வியை நான் ஆண்டுதோறும் அஞ்சியிருந்தேன். அது இனி வராது என்பது இத்தனை பெரிய தண்டனையாக இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

மனைவியின் கண் முற்றாக அணைந்துவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது. நான் போனபின் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆகையால், கூட்டாமலும் குறைக்காமலும், நிச்சயமாக அறிந்ததை மட்டும் இங்கே பதிகிறேன். குதிரைமலைக்கு வடக்கே, எவ்வளவு தூரமென்று தெரியாது, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வற்றிய ஓடை. அதன் வடகரையில், அடியிலேயே இரண்டாகப் பிரிந்த பாலை மரம். மரத்திலிருந்து கிழக்கே ஆறேழு அடி. முழங்கை ஆழம். வெள்ளைத் துணி. தலை வடக்கே, முகம் மேற்கே. பத்து மாதப் பெண் பிள்ளை. மீசான் இல்லை.

இத்தாள்களைத் தயவுசெய்து எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.